பின்பக்கம் இருந்துபோன பிக்கப்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கட டபுள் கப்புக்கு 12 வயது. வெட்டுக் காலத்தில் வட்டையிலிருந்து நெல் ஏற்றி வருவோம். இப்போது வெறும் வண்டியாக நிற்கும்போதே பின்பக்கம் இருந்துபோய்த்தான் நிற்கிறது. ஒரு கராஜில் பின் ஸ்பிரிங்கில் (ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய உருக்குப் பட்டைகள்) பட்டை ஒன்று கூடப் போடச் சொல்கிறார்கள். இன்னொருவர் இருக்கிற பட்டையையே பட்டறையில் கொடுத்து வளைவு எடுக்கலாம் என்கிறார். எது சரி?
– வாசகர், கொக்கட்டிச்சோலை

பதில்: இரண்டில் எதைச் செய்வதற்கும் முன் ஓர் அளவுநாடாவும் நூலும் எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் குந்துங்கள். எவ்வளவு இறங்கியிருக்கிறது, ஏன் இறங்கியது என்று தெரியாமல் போடும் பட்டை, காய்ச்சல் எதனால் என்று பாராமல் கொடுக்கும் குளிசை மாதிரி.

சமதரையில், சாமான் எதுவும் இல்லாமல், ரயர்களில் சரியான காற்றோடு வண்டியை நிறுத்துங்கள். சில்லின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்காட் வளைவின் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதுங்கள். நிலத்திலிருந்து அளந்தால் ரயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் குழப்பிவிடும். பிறகு அதே மொடலில், எதுவும் மாற்றாத, நல்ல நிலையில் உள்ள வண்டி ஒன்றையும் இப்படியே அளந்து ஒப்பிடுங்கள். பின்பக்கத்தில் காணும் குறைவுதான் உங்கள் வண்டி இறங்கிய அளவு.

அடுத்தது நூல். மேலே உள்ள நீளமான மெயின் பட்டையின் இரு நுனியிலும் சுருண்டிருக்கும் வளையம்தான் கண். ஸ்பிரிங்கின் முன் கண்ணின் நடுவிலிருந்து பின் கண்ணின் நடுவுக்கு, பட்டையின் பக்கவாட்டில் நூலை இழுத்துப் பிடியுங்கள். வெறும் வண்டியில் மெயின் பட்டையின் நடுப்பகுதி நூலுக்குக் கீழே, கிண்ணம் மாதிரித் தொங்க வேண்டும். நூலோடு ஒட்டி நேராகக் கிடந்தால் களைத்துவிட்டது. நூலுக்கு மேலே எழும்பி, கவிழ்த்த கிண்ணம் போல இருந்தால் அந்தப் பட்டைக் கட்டு முடிந்துவிட்டது, அதில் காசு போடாதீர்கள்.

அப்படியே கீழே உள்ள தடித்த, நேரான பட்டையையும் பாருங்கள். பல பிக்கப்களில் அது பாரம் ஏறிய பிறகுதான் வேலை செய்யும். வெறும் வண்டியில் அதன் நுனிகளுக்கும் மேல் பட்டைகளுக்கும் இடையில் வெளிச்சம் தெரிய வேண்டும். இப்போதே ஒட்டிக்கொண்டிருந்தால், மேல் பட்டைகள் தங்கள் பங்கைச் செய்யாமல் அடிப்பட்டையில் சாய்ந்துகிடக்கின்றன என்று பொருள்.

கம்பித் தூரிகையால் மண்ணைத் தேய்த்துவிட்டு வெடிப்பைத் தேடுங்கள். வெடிப்பு வரும் இடங்கள் மூன்று: பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் துளையைச் சுற்றி, கிளிப் பிடிக்கும் இடத்தில், கீழ்ப்பட்டையின் நுனி மேல்பட்டையை அழுத்தும் கோட்டில். மண்ணுக்குள் ஒரு மெல்லிய சிவப்புத் துருக்கோடு குறுக்கே ஓடினால் அது கோடல்ல, உடைந்த வாய். அதற்குப் பிறகு வளைவு எடுப்பது, பட்டை கூட்டுவது என்ற பேச்சே வேண்டாம்.

இனி உங்கள் இரண்டு யோசனைகளுக்கு வருவோம்.

பட்டறையில் வளைவு எடுப்பது: சுத்தியலால் குளிராகவே தட்டி எடுத்த வளைவு நிலைக்காது. தட்டிய தழும்புகளே பிறகு வெடிப்புத் தொடங்கும் இடங்களாகும். சூளையில் சிவக்கக் காய்ச்சி வளைத்து, அப்படியே காற்றில் ஆறவிட்டால் இன்னும் மோசம். ஸ்பிரிங் உருக்கின் பதம் போய், சாதாரண இரும்பு மாதிரி வளைந்தபடியே நின்றுவிடும். சரியான முறை என்றால் சுமார் 850 பாகை செல்சியசுக்குக் காய்ச்சி, வளைத்து, ஒயிலில் அமிழ்த்தி, மறுபடி 450 முதல் 500 பாகையில் பதப்படுத்த வேண்டும். வெப்பத்தை அளந்து இதைச் செய்யும் இடத்தில் கொடுங்கள். நிறத்தைப் பார்த்துக் கண்மதிப்பில் செய்யும் இடத்தில் கொடுத்தால் ஒரு போகம் தாண்டுவதே சந்தேகம்.

பட்டை கூட்டுவது: இருக்கும் பட்டைகளில் வெடிப்பு இல்லை, துருவால் குழி விழவில்லை, இரண்டு பக்கமும் ஒரே அளவில்தான் இறங்கியிருக்கிறது, இறங்கியதும் ஒன்றரை அங்குலத்துக்குள் என்றால் இது நல்ல வழி. ஆனால் தடிப்பைக் கவனியுங்கள். பட்டையின் விறைப்பு தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறும். 6 மி.மீ. பட்டைக்குப் பதிலாக 8 மி.மீ. போட்டால் அந்த ஒரு பட்டையின் விறைப்பு இரண்டே கால் மடங்குக்கு மேல். 7 மி.மீ. பட்டைகள் மூன்று உள்ள கட்டுக்கு 6 மி.மீ. பட்டை ஒன்றைக் கூட்டினால் கட்டின் விறைப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். இதை ஓட்டும்போது தாங்கலாம். கடையில் கிடைத்தது என்று 10 மி.மீ. துண்டு ஒன்றைச் சொருகினால் வெறும் வண்டி கிறவல் றோட்டில் துள்ளும், பின்சில்லு நிலத்தைப் பிடிக்காது. அகலம் பழைய பட்டையின் அகலமே இருக்க வேண்டும். ஜப்பானியப் பிக்கப்களில் 60 மி.மீ. பரவலாக வரும், ஆனாலும் அளக்காமல் வாங்க வேண்டாம். நீளம், அது நுழையும் இடத்துக்கு மேல் உள்ள பட்டையைவிடக் குறைவாகவும் கீழே உள்ளதைவிடக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். இந்தப் படிவரிசை குலைந்தால் நுனி குத்தி மேல்பட்டையை உடைக்கும்.

இரண்டு பக்கமும் சேர்த்தே செய்யுங்கள். சென்டர் போல்ட் புதிதாகவும் கூடிய தடிப்புக்கு ஏற்ற நீளத்திலும் வேண்டும். பட்டைக் கட்டை அக்சிலோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட் நான்கும் புதிது. பழைய யூ போல்ட் ஒருமுறை இறுக்கத்தில் நீண்டது, மறுபடி அதே பிடி பிடிக்காது. இறுக்கிய பிறகு நட்டுக்கு வெளியே மூன்று புரியாவது தெரிய வேண்டும்.

பாரக் கணக்கையும் பாருங்கள். ஒரு மூட்டை 65 கிலோ என்றால் 18 மூட்டை 1170 கிலோ. சாரதியோடு மூவர் ஏறினால் 1350ஐத் தாண்டும். டபுள் கப்புகள் பலவற்றில் ஆட்களும் சேர்த்து ஏற்றக்கூடியது ஒரு தொன்னுக்குள்தான். கதவுத்தூணில் உள்ள தகட்டில் மொத்த எடையைப் பார்த்து, வெறும் வண்டியின் எடையைக் கழித்துப் பாருங்கள். பட்டை கூட்டினால் வண்டியின் உயரம் திரும்பும். அக்சில், பெயாரிங், பிறேக், செசி (வண்டியின் அடிச்சட்டம்) ஆகியவற்றின் தாங்குசக்தி ஒரு கிலோகூட ஏறாது. மூட்டையை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் சேர்ந்த கணக்கு: முன்பின் சில்லுகளுக்கு இடையில் 3 மீற்றர் உள்ள வண்டியில், பின் அக்சிலுக்கு ஒரு மீற்றர் பின்னால் 200 கிலோ வைத்தால் பின் அக்சிலில் 267 கிலோ விழும், முன்னில் 67 கிலோ குறையும். ஸ்டேரிங் இலேசாகிவிட்டது என்று சாரதி சொல்வது இதைத்தான். முதல் மூட்டைகளைக் கபினோடு ஒட்டி அடுக்குங்கள்.


கேள்வி: கழற்றிப் பூட்டுவதை வீட்டிலேயே செய்ய நினைக்கிறோம். மகன் கொஞ்சம் வேலை பழகியவர். கவனிக்க வேண்டியவை என்ன?
– வாசகர், கல்லடி

பதில்: கல்லடி மணல் நிலம். ஜாக்கும் ஸ்டாண்டும் பாரம் ஏறியதும் சரிந்து புதையும். ஒவ்வொன்றுக்கும் கீழே ஓரடிச் சதுரத்தில் இரண்டங்குலத் தடிப்புப் பலகை வையுங்கள். சீமெந்துக் கல்லை அடுக்கி வண்டியை அதில் நிறுத்தாதீர்கள். அது முன்னறிவிப்பு இல்லாமல் ஒரே வெடிப்பில் நொறுங்கும்.

முதல் நாள் இரவே கண் போல்ட்கள், ஷெக்கிள் (பின் கண்ணைச் செசியோடு சேர்க்கும் ஆடும் இணைப்பு) போல்ட்கள், யூ போல்ட் நட்டுகள் எல்லாவற்றுக்கும் துரு இளக்கும் ஒயில் அடித்து ஊறவிடுங்கள். கடற்கரையோர வண்டியில் முன் கண் போல்ட் புஷ்ஷின் (கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் உறை) உள்குழாயோடு ஒட்டிப் போயிருக்கும். நட்டு கழன்றாலும் போல்ட் வராது, புஷ்ஷைச் சேர்த்து முறுக்கிக்கொண்டு சுற்றும். வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும் என்பதால் புதுப் போல்ட்டும் புஷ்ஷும் வாங்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

முன் சில்லுகளுக்கு இருபுறமும் ஆப்பு வைத்து, பின்சில்லு நட்டுகளைத் தளர்த்தி, வண்டியைத் தூக்கி ஸ்டாண்டுகளைச் செசியில், ஸ்பிரிங்கின் முன் தாங்கிக்கு முன்னால் வையுங்கள். அக்சிலுக்குக் கீழே இன்னொரு ஜாக் நிற்கட்டும். சொக் அப்சோபரின் கீழ்ப் போல்ட்டையும், செசிக்கும் அக்சிலுக்கும் இடையில் பிறேக் வால்வுக் கம்பி இருந்தால் அதையும் கழற்றுங்கள். பிறேக் ஹோஸ் இழுபடாத அளவுக்குத்தான் அக்சிலை இறக்கலாம். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மற்றப் பக்கத்துக்குப் போங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால் அக்சில் உருண்டுவிடும்.

கையில் எடுத்த கட்டில் சென்டர் போல்ட்டைக் கழற்றும் நேரம்தான் விரல் போகும் நேரம். பட்டைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. சென்டர் போல்ட்டுக்கு இருபுறமும் இரண்டு பெரிய சீ கிளாம்பை இறுக்கிய பிறகே நட்டைத் தொடுங்கள். பிறகு கிளாம்புகளை அரைச்சுற்று, அரைச்சுற்றாக மாறி மாறித் தளர்த்துங்கள். திரும்பக் கட்டும்போது துளைக்குள் நேரான கம்பி ஒன்றை விட்டுப் பட்டைகளை வரிசைப்படுத்தினால் போல்ட் தானாக இறங்கும்.

பூட்டும்போது சென்டர் போல்ட்டின் தலை அக்சில் மேடையில் உள்ள குழிக்குள் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். யூ போல்ட் நட்டுகள் நான்கையும் குறுக்கு வரிசையில், சிறிது சிறிதாக இறுக்குங்கள். பல பிக்கப்களில் இறுக்கம் 100 முதல் 130 நியூட்டன் மீற்றருக்குள் வரும். உங்கள் வண்டியின் கைநூலில் உள்ள எண்ணே முடிவானது. அளவு காட்டும் ஸ்பனர் இல்லையென்றால் ஒன்றை நினைவில் வையுங்கள்: ஓரடி நீளக் கைபிடியின் நுனியில் 40 கிலோ பாரத்தோடு அழுத்தினால் ஏறத்தாழ 120 நியூட்டன் மீற்றர். நீளக் குழாய் போட்டுத் தொங்கினால் புரி போய்விடும்.

கண் போல்ட்டையும் ஷெக்கிள் போல்ட்களையும் மேலே தொங்கும் நிலையில் இறுக்கவே கூடாது. வண்டியை இறக்கி, சில்லு நிலத்தில் நின்று, வண்டியின் பின்பெட்டியை நாலைந்து முறை அமுக்கிவிட்ட பிறகு இறுக்குங்கள். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் புஷ் முறுகிய நிலையிலேயே பிடிபட்டு, சில மாதத்தில் கிழியும். புதுப் புஷ் போட்டும் சத்தம் போகவில்லை என்று வரும் முறைப்பாடுகளில் நிறைய இதனால்தான்.

கல்முனைக்கு ஒருமுறை போய்வந்தால் 80 கிலோமீற்றர் அளவு ஓடியிருக்கும். வீடு வந்ததும் யூ போல்ட்டை மறுபடி இறுக்குங்கள். புதுப் பட்டைகளின் பெயின்ற் நசிந்து இடம் விடும். 1000 கிலோமீற்றரில் இன்னொரு முறை.


கேள்வி: வாழைச்சேனையிலிருந்து ஐஸ் போட்டு மீன் ஏற்றும் வண்டி. ஒரே வருடத்தில் இரண்டு தடவை இடது பக்க மெயின் பட்டை நடுவில், துளையோடு உடைந்தது. பட்டையின் தரமா பிழை?
– வாசகர், ஓட்டமாவடி

பதில்: இரண்டு தடவையும் துளையில்தான் உடைந்தது என்றால் பட்டையைச் சந்தேகிக்க முன் யூ போல்ட்டைச் சந்தேகியுங்கள். யூ போல்ட்கள் இறுக்கமாகப் பிடித்திருக்கும்வரை நடுப்பகுதி வளையாது, வளைவெல்லாம் அதற்கு வெளியில்தான். பிடி தளர்ந்தால் வளைவு நடுவுக்கு வந்துவிடும். அங்கேதான் துளை, துளைதான் பட்டையின் மிகப் பலவீனமான இடம். கிழமைக்கு ஒருமுறை யூ போல்ட் நட்டின் ஓரத்தைப் பாருங்கள். துருத்தூள் வளையமாகக் கசிந்திருந்தாலோ உலோகம் மினுங்கிய புதுத் தேய்மானம் தெரிந்தாலோ தளர்ந்துவிட்டது. அக்சில் மேடையும் கீழ்த்தகடும் தேய்ந்து குழிந்திருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. தகட்டை மாற்றுங்கள்.

சென்டர் போல்ட் அறுந்து அக்சில் நகர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முன் கண் போல்ட்டின் நடுவிலிருந்து பின்சில்லின் நடுவரை இரு பக்கமும் அளவெடுங்கள். வித்தியாசம் 5 மி.மீ.ஐத் தாண்டினால் கழற்றிப் பாருங்கள். இப்படியான வண்டி நேராக ஓடும்போதும் பின்னால் வருபவருக்குச் சரிந்து ஓடுவதுபோலத் தெரியும்.

அடுத்தது உப்பு. மீன் பெட்டியிலிருந்து வடியும் தண்ணீர் வண்டியின் பின்பெட்டி இடுக்கால் இறங்கிப் பட்டைகளுக்கு நடுவே தங்கும். துருவில் விழும் ஒவ்வொரு குழியும் ஒரு வெடிப்பின் தொடக்கம். வடிகுழாய் ஒன்றை அக்சிலுக்குப் பின்னால் கொண்டுபோய் விடுங்கள். ஓட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரால் பட்டையின் பக்கவாட்டில் பீய்ச்சிக் கழுவுங்கள்.

கழிவு ஒயில் அடிக்கும் வழக்கம் உங்கள் பகுதியில் இருந்தால் விட்டுவிடுங்கள். துருவைச் சிறிது தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒயில் புஷ் ரப்பரை ஊதவைத்து மென்மையாக்கும், அதோடு மணலைப் பிடித்துவைத்து அரைக்கும் சாந்தாக்கும். பட்டைகளைக் கழற்றும் வாய்ப்பு வந்தால் தேய்த்துத் துப்புரவாக்கி, துருத்தடுப்புப் பெயின்ற் அடித்து, காய்ந்தபின் பட்டைகளுக்கு இடையில் கிராபைட் கிறீஸ் மெல்லிதாகப் பூசுங்கள். நுனிகளில் இருக்க வேண்டிய சிறு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் துண்டுகள் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். கீச்சிடும் சத்தம் பெரும்பாலும் அவை இல்லாததால்தான்.


கேள்வி: மணல் ஏற்றும்போது மட்டும் பின்பக்கம் இறங்குகிறது. எயார் பேக் (அக்சிலுக்கும் செசிக்கும் இடையில் வைக்கும் காற்றுப் பை) போட்டால் பட்டையைத் தொடாமலே சமாளிக்கலாம் என்கிறார்கள். கால் கியூப்தான் ஏற்றுகிறோம்.
– வாசகர், சம்மாந்துறை

பதில்: கால் கியூப் என்றால் 25 கன அடி, ஏறத்தாழ 0.7 கன மீற்றர். உலர்ந்த மணலே 1.1 தொன்னைத் தாண்டும், ஆற்றிலிருந்து ஈரத்தோடு ஏற்றினால் இன்னும் கூடும். முதலில் இதை உங்கள் வண்டியின் தகட்டு எண்ணோடு ஒப்பிடுங்கள்.

எயார் பேக் கெட்ட பொருள் அல்ல, ஆனால் களைத்த பட்டைக்கு அது மாற்றாகாது. பட்டை தன் பாரத்தை முன் தாங்கி, பின் ஷெக்கிள் என இரண்டு இடத்தில் செசிக்குக் கொடுக்கிறது. அக்சிலுக்கு நேர் மேலே வைத்த எயார் பேக் அதை நடுவில் ஒரே இடத்தில் கொடுக்கிறது. பின்னால் பாரம் நீண்டு தொங்க, கீழிருந்து பேக் தள்ள, பள்ளத்தில் விழும்போது செசி அந்த இடத்தில் வளையும். டபுள் கப்பில் பெட்டியின் பெரும்பகுதி அக்சிலுக்குப் பின்னால் கிடப்பதால் ஆபத்து கூட. கபினுக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள இடைவெளியை மாதம் ஒருமுறை மேலும் கீழும் அளந்து பாருங்கள். முன்பு இருந்ததைவிட மேல்பக்கம் அகன்று, கீழ்ப்பக்கம் ஒடுங்கியிருந்தால் செசி வளையத் தொடங்கிவிட்டது.

போடுவதென்றால் நல்ல பட்டையின் மேல், பாரம் ஏறும்போது இறங்கும் அளவில் பாதியை மட்டும் மீட்கும் காற்றோடு பாவியுங்கள். முழுச்சமமாகத் தூக்க வேண்டாம். இடதுக்கும் வலதுக்கும் தனித்தனிக் குழாய் வையுங்கள். ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் ஒரு பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடி வண்டி சாயும். வெறும் வண்டியிலும் குறைந்தது 5 பீஎஸ்ஐ இருக்கட்டும், இல்லையேல் ரப்பர் மடிந்து கிழியும்.


கேள்வி: பின் ஸ்பிரிங் இரண்டும் புதிது போட்டோம். உயரம் வந்துவிட்டது. ஆனால் பிறேக் பிடித்தால் முன்பக்கம் குத்துகிறது, பழையபடி நிற்கவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: உண்டு. உடனே கவனியுங்கள். பல பிக்கப்களில் பின் அக்சிலுக்கு மேலே செசியில் ஒரு பிறேக் வால்வு இருக்கும். ஒரு கம்பி அதை அக்சிலோடு இணைக்கும். பின்பக்கம் இறங்கினால் பாரம் ஏறியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அது பின் பிறேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும், உயர்ந்தால் குறைக்கும். புது ஸ்பிரிங்கால் வண்டி உயர்ந்ததும், எப்போதும் வெறும் வண்டி என்று அது நினைத்துக்கொள்கிறது. பின் பிறேக் சோம்பல்படுகிறது. கம்பியின் நீளத்தைக் கைநூலில் உள்ள அளவுக்குத் திருத்தி, வால்வின் நெம்பு சிக்காமல் அசைகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். உயரம் மாறிய எந்த வேலைக்கும் பிறகு இதைச் செய்தே ஆக வேண்டும். இதன் மறுபக்கமும் உண்டு: இருந்துபோன வண்டியில், பாரமில்லாமலே பின் பிறேக் கூடுதலாகப் பிடித்து, மாரி மழையில் ஈர றோட்டில் பின்சில்லு பூட்டிச் சறுக்கும்.

முன் லைற்றுகளையும் இறக்கியோ ஏற்றியோ திருத்துங்கள். பின்பக்கம் இருந்தபோது உயர்த்திக் காட்டிய வெளிச்சத்தை யாராவது கீழே திருகி வைத்திருந்தால், இப்போது அது மூக்கின் முன்னாலேயே விழும். இரவில் றோட்டில் மாடு படுத்துக்கிடக்கும் நம் பகுதிகளில் இதை நாளைக்கு என்று விட முடியாது.


கேள்வி: வண்டி வலது பக்கம் சாய்ந்து நிற்கிறது. வலது பின் ஸ்பிரிங்கை மாற்றியும் சாய்வு போகவில்லை.
– வாசகர், காத்தான்குடி

பதில்: பின்னால் தெரியும் சாய்வு முன்னால் இருந்தும் வரலாம். செசியின் பின் குறுக்குச் சட்டத்தின் சரி நடுவில் ஜாக்கை வைத்து, பின்சில்லுகளில் பாரம் இல்லாத அளவுக்கு மெல்லத் தூக்குங்கள். யாரும் கீழே போக வேண்டாம். வண்டி நிமிர்ந்தால் பிழை பின்னால். அப்போதும் சாய்ந்தே நின்றால் முன்பக்க டோர்ஷன் பாரோ (முறுகிப் பாரம் தாங்கும் கம்பி) கொயில் ஸ்பிரிங்கோதான் காரணம். பிழை பின்னால் என்று வந்தால், ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதும் ஒருபோதும் சோடி சேராது என்பதால் இடது பக்கத்தையும் மாற்றுங்கள்.

ரீகண்டிசன் ஸ்பிரிங் வாங்குவதென்றால், இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து கண்ணுக்குக் கண் நூல் பிடித்து வளைவை அளந்து, வித்தியாசம் 5 மி.மீ.க்குள் இருந்தால் மட்டும் எடுங்கள்.


கேள்வி: ஹெவி டியூட்டி சொக் அப்சோபர் போட்டால் பின்பக்கம் எழும்புமா? நீளமான ஷெக்கிள் போடலாமா?
– வாசகர், திருக்கோவில்

பதில்: சொக் அப்சோபர் பாரம் தாங்குவதில்லை, ஆட்டத்தை அடக்குவதுதான் அதன் வேலை. வாயு நிரப்பியது போட்டால் சில மி.மீ. எழும்பலாம், அவ்வளவுதான். ஷெக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஓரங்குலம் உயரும். களைத்த பட்டை களைத்தபடியே இருக்கும், பின் கண் கீழிறங்குவதால் அக்சில் சற்றே திரும்பி, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் (சுழற்சியைப் பின் அக்சிலுக்குக் கொண்டுபோகும் தண்டு) கோணம் மாறி, ஓட்டத்தில் அதிர்வு வரலாம். மரக்கட்டையையோ வெட்டிய குழாயையோ அக்சிலுக்கும் பட்டைக்கும் இடையில் வைத்து உயர்த்தியிருந்தால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள். கட்டை நசிந்ததும் யூ போல்ட் தளரும், அக்சில் விலகும்.